அசல் வெனிலா: நம் மலையில் விளைகிறது, நம் அலமாரியில் ஊறட்டும்!

சமையலறையில் இருக்கும் வெனிலா எசன்ஸ் பாட்டிலை எடுத்துத் திருப்பி, பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். ‘செயற்கைச் சுவையூட்டி’ என்று இருக்கும். அதோடு தண்ணீர், பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால், சிலவற்றில் கேரமல் நிறம். வெனிலாக் காய் என்ற பேச்சே இருக்காது. முன்பக்கத்தில் அழகாக ஒரு வெள்ளைப் பூ படம் போட்டிருந்தால் அதுவும் பெரும்பாலும் வேறு ஏதோ பூதான். வெனிலாப் பூ பச்சை கலந்த வெளிர் மஞ்சள் நிறம்.

கேக்கில் முட்டை வாடை தெரியாமல் இருக்க இரண்டு சொட்டு, கஸ்டர்டில் அரை மூடி, கிறிஸ்துமஸ் சமயத்தில் மொத்தமாக ஒரு பாட்டில் என்று தலைமுறை தலைமுறையாக நாம் விட்டுவந்தது இதைத்தான். இது கலப்படமும் இல்லை, விஷமும் இல்லை. அளவோடு சேர்த்தால் உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால், இது வெனிலா இல்லை. அசல் வெனிலா எப்படி மணக்கும் என்றே தெரியாமல், ‘எனக்கு வெனிலா பிடிக்காது, சப்பென்று இருக்கும்’ என்று சொல்பவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். வெனிலா விளையும் மலைகளுக்கு ஒரு ராத்திரி பஸ் பயணத்தில் போய்விடக்கூடிய ஊர்களில் இருந்துகொண்டு அப்படிச் சொல்கிறோம் என்பதுதான் வருத்தம்.

அசல் வெனிலாச் சாறு இறக்குவதற்கு அடுப்பு வேண்டாம், மிக்ஸி வேண்டாம், கைப்பக்குவம்கூட வேண்டாம். நல்ல காய், அளவான சாராயச் சத்துள்ள ஒரு மது, ஒரு கண்ணாடி பாட்டில், சில மாதப் பொறுமை போதும். செய்முறைக்குள் போவதற்கு முன், அந்தக் காய் நம் கைக்கு வந்து சேர்ந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால்தான் காயின் விலையைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டோம்.

பன்னிரண்டு வயதுச் சிறுவனின் விரல்

வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி. தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். வெராக்ரூஸ் பகுதியில் பபான்த்லாவைச் சுற்றி வாழ்ந்த டோட்டோனாக் மக்கள்தான் இதைப் பேணி வளர்த்தவர்கள். அவர்களை அடக்கி ஆண்ட அஸ்டெக்குகள் இதைத் திறையாக வாங்கி, கொக்கோ பானத்தில் கலந்து குடித்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது.

கொடியைக் கொண்டுபோன ஊர்களில் எல்லாம் அது தழைத்தது, பூத்தது. ஆனால் காய்க்கவே இல்லை. காரணம், பூவின் அமைப்பு. ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று மறைப்பாக நிற்கிறது. மெக்சிகோவில் அந்த மறைப்பைத் தாண்டி மகரந்தம் சேர்த்துவைக்கும் பூச்சிகள் மற்ற இடங்களில் கிடையாது. 1836-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சார்லஸ் மோரன் என்ற தாவரவியல் பேராசிரியர் கையாலேயே மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். அவருடைய முறை கண்ணாடி வீட்டுத் தோட்டத்தோடு நின்றுபோனது, தோட்டக்காட்டுக்கு வரவில்லை.

தோட்டக்காட்டுக்குக் கொண்டுவந்தவன் எட்மண்ட். இந்தியப் பெருங்கடலில் இன்று ரியூனியன் என்று சொல்லப்படும் பிரெஞ்சுத் தீவில், செயின்ட் சூசான் என்ற ஊரில் அடிமையாகப் பிறந்தவன். பிரசவத்திலேயே தாயை இழந்தவன். அவனுடைய எஜமானர் பெல்லியர் போமோன் செடி கொடிகளில் பித்துக்கொண்டவர். தர்ப்பூசணிப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பது எப்படி என்று அவனுக்குக் காட்டியிருந்தார். அவர் தோட்டத்தில் இருபது வருடமாகக் காய்க்காமல் நின்ற வெனிலாக் கொடியில் 1841-ல் ஒருநாள் காய்கள் தொங்கின. ‘நான்தான் செய்தேன்’ என்றான் பையன். அவர் நம்பவில்லை. செய்து காட்டினான். மூங்கில் சிம்பு மாதிரி ஒரு குச்சியால் சவ்வை மெல்லத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை ஓர் அழுத்து. அவ்வளவுதான். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு.

தோட்டம் தோட்டமாக அழைத்துப்போய் மற்ற அடிமைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். தீவு வெனிலாவில் கொழித்தது. இன்று உலகில் பெருமளவு வெனிலா விளையும் மடகாஸ்கருக்கும் அங்கிருந்துதான் இந்தக் கை வித்தை போனது. 1848-ல் அடிமை முறை ஒழிந்தபோது எட்மண்டுக்கு விடுதலையும் அல்பியஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. பணம் ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை. திருட்டு வழக்கில் சிறைக்குப் போனான். கண்டுபிடிப்பே அவனுடையது இல்லை என்று சாதிக்கவும் ஒரு தாவரவியலாளர் வந்தார். பெல்லியர் போமோன் அதை மறுத்து எழுதிவைத்ததால்தான் அந்தப் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. 1880-ல் எட்மண்ட் வறுமையில் இறந்தார். அடிமைகள் விட்டுப்போன இடத்தை நிரப்ப, அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேற்றப்பட்டவர்கள் நம் தமிழர்கள்.

இன்றைக்கும் தோட்டங்களில் விளையும் ஏறக்குறைய ஒவ்வொரு வெனிலாக் காயும் யாரோ ஒருவர் கைபட்டுப் பிறந்ததுதான். பூ காலையில் விரியும், பிற்பகலில் வாடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தொட்டாக வேண்டும். ஒரு கொத்தில் இருக்கும் பூக்கள் ஒரே நாளில் விரிவதும் இல்லை. பூக்கும் காலம் முழுவதும் தினமும் விடிந்ததும் தோட்டத்தில் நிற்க வேண்டும்.

பிறகு எட்டு ஒன்பது மாதம் கழித்துக் காய் முற்றும். பறித்து மூக்கருகே வைத்தால் பீன்ஸ் வாசம்தான் அடிக்கும். மணம் உள்ளே சர்க்கரையோடு பிணைந்து பூட்டிக் கிடக்கிறது. பச்சைக் காயைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் முக்கி எடுத்து, கம்பளியில் சுற்றி வியர்க்க விட்டு, பல வாரம் பகலில் வெயில், இரவில் போர்வை என்று மாற்றி மாற்றி வைத்து, நிழலில் உலர்த்தி, கடைசியில் மரப்பெட்டியில் சில மாதம் அடைத்து வைக்கிறார்கள். காயிலுள்ள நொதிகள் இந்த வியர்வையில்தான் பூட்டைத் திறக்கின்றன. ஐந்தாறு கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோ பதமான காய் கிடைக்கும். காய் கறுத்து, எண்ணெய் பூசியதுபோல மினுமினுத்து, விரலில் சுற்றினால் ஒடியாமல் வளையும்.

இவ்வளவு பாடுபட்ட காயில் வெனிலின் என்ற முதன்மையான மணப்பொருள் சுமார் இரண்டு சதவீதம்தான். அதை 1874-ல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் டீமன், வில்ஹெல்ம் ஹார்மன் இருவரும் ஊசியிலை மரத்தின் பாலிலிருந்து செயற்கையாகச் செய்துவிட்டார்கள். பிறகு கிராம்பு எண்ணெயிலிருந்து, காகித ஆலைக் கழிவிலிருந்து, இப்போது பெரும்பாலும் பெட்ரோலிய வழிப் பொருளிலிருந்து. உலகம் சாப்பிடும் வெனிலாச் சுவையில் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் காயிலிருந்து வருவதில்லை. காயில் வெனிலினோடு இருநூறுக்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் உண்டு. எசன்ஸ் பாட்டிலில் இருப்பது அந்த ஒன்றே ஒன்று.

கொடிக்குக் காவல் போட்ட காலம்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வெனிலா புதிதல்ல. நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு, பர்லியாறு அரசுப் பண்ணைகளில் வெகுகாலமாகவே கொடி இருந்தது. தொண்ணூறுகளில்தான் நறுமணப் பொருள் வாரியத்தின் ஊக்கத்தோடு இடுக்கி, வயநாடு, குடகு, தட்சிண கன்னடம், நம் பக்கத்தில் நீலகிரி, ஆனைமலை, கன்னியாகுமரி என்று பரவியது. காப்பிக்கும் மிளகுக்கும் பாக்குக்கும் நடுவே கிளிரிசிடியா மரத்திலும் கல்யாண முருங்கையிலும் ஏற்றிவிட்டார்கள்.

2000-ல் ஹூடா புயல் மடகாஸ்கரின் வெனிலா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. உலகச் சந்தையில் காய் இல்லை. விலை ஏறிக்கொண்டே போய், 2003 வாக்கில் கேரளத்திலும் கர்நாடகத்திலும் பச்சைக் காயே கிலோ மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. நடுவதற்கான தண்டைத் துண்டு துண்டாக விலை பேசினார்கள். இரவில் கொடிக்குக் காவல் போட்டார்கள். ரப்பரையும் மிளகையும் வெட்டிவிட்டு வெனிலா வைத்தவர்கள் உண்டு, கடன் வாங்கி நிழல் வலைக் கூடாரம் போட்டவர்களும் உண்டு.

இரண்டே வருடத்தில் எல்லாம் சரிந்தது. மடகாஸ்கர் மீண்டது, விலை தாங்காத ஐஸ்கிரீம், பிஸ்கட் கம்பெனிகள் செயற்கை வெனிலினுக்குத் தாவின. பச்சைக் காய் கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே போனது. பூவைத் தொடும் கூலிக்குக்கூடக் கட்டவில்லை. போதாக்குறைக்கு வேரழுகல் நோய் வேறு. பிடுங்கி எறிந்தார்கள்.

2017-ல் எனாவோ புயல் மடகாஸ்கரைத் தாக்கியபின், பதமான காய் கிலோ 600 டாலர் என்று வெள்ளியை விடவும் உயரே போனது, மறுபடி இறங்கியது. தாங்கி நின்ற சில விவசாயிகள் இன்றும் நம் மலைகளில் கொடி வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: நம் விவசாயி பட்ட அடிக்கு மடகாஸ்கரின் புயல் பாதிக் காரணம் என்றால், உள்ளூரில் இதை வாங்க ஆளே இல்லாமல் போனது மறு பாதி. மிளகு விலை விழுந்தாலும் நம் வீட்டு ரசத்துக்கு மிளகு வேண்டும். வெனிலா விழுந்தபோது அதைக் கேட்டு வாங்க இங்கே ஒரு அடுக்களைகூட இல்லை.

இனி பாட்டிலுக்கு வருவோம்

முதலில் காய். பெருநகர மளிகைக் கடைகளிலும் இணையத்திலும், தோட்டக்காரர்களிடம் நேரடியாகவும் கிடைக்கிறது. இரண்டு தரம் உண்டு. ஈரம் அதிகமுள்ள, கொழுகொழுவென்ற முதல் தரக் காய் பாலில் நேரடியாகச் சுரண்டிப் போடுவதற்கு. கொஞ்சம் உலர்ந்த, மெலிந்த இரண்டாம் தரக் காய்தான் சாறு இறக்குவதற்கு ஏற்றது. விலையும் குறைவு, எடைக்கு எடை தண்ணீர் குறைவு, சத்து அதிகம். அழகான காய்தான் நல்ல சாறு தரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

காயின் மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஊசி ஊசியாக மின்னினால் அது வெனிலின் படிகம், அதிர்ஷ்டம். மங்கலாக, பஞ்சு போல ஒட்டியிருந்து பூஞ்சை வாடை அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. அமெரிக்க உணவுச் சட்டம் வெனிலாச் சாறு என்று எதைச் சொல்லலாம் என வரையறுத்திருக்கிறது: ஒரு கேலனுக்கு 13.35 அவுன்ஸ் காய், குறைந்தது 35 சதவீத ஆல்கஹால். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் காய். வீட்டுக்கு 250 மில்லி போதும் என்றால் 25 கிராம். ஒரு காய் இரண்டு மூன்று கிராம் எடை இருக்கும் என்பதால் ஏறக்குறைய எட்டிலிருந்து பன்னிரண்டு காய். எண்ணிக்கையை நம்பாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ‘ஒரு பாட்டிலுக்கு இரண்டு காய்’ என்று சொல்லும் செய்முறைகள் ஏராளம். அதில் கிடைப்பது வாசனை ஏறிய மது மட்டும்தான். வீட்டில் செய்து பார்த்து ‘ஒன்றும் பிரமாதம் இல்லை’ என்று கைவிடுபவர்கள் பெரும்பாலும் காயில் சிக்கனம் பார்த்தவர்களே.

மூன்றாவது மது. வெனிலாவின் மணப்பொருள்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். முழுக்க ஆல்கஹாலும் கூடாது: காயை விறைக்க வைத்து, பிசினையும் இழுத்துவிடும். ஆல்கஹாலும் தண்ணீரும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்த நிலையே நல்லது. நம் நாட்டு வோட்கா வழக்கமாக 42.8 சதவீதம், கச்சிதமாகப் பொருந்துகிறது. வோட்காவுக்குத் தனி வாசனை இல்லை என்பதால் காய் மட்டுமே பேசும். ரம்மில் போட்டால் வெல்லப்பாகு மணம் கூடும். கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்கு நான் அதைத்தான் சொல்வேன். விலையுயர்ந்த வோட்கா தேவையே இல்லை. பணத்தைக் காயில் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், கை கழுவும் சானிடைசர், பாலிஷுக்கான ஸ்பிரிட், ஊர்ப்புறத்தில் காய்ச்சியது எதையும் தொடாதீர்கள். அவற்றில் இருக்கக்கூடிய மெத்தனால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்; ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நஞ்சுதான். சீல் உடையாத, உண்பதற்கான மது மட்டுமே.

இனி வேலை பத்து நிமிடம்தான். கண்ணாடி பாட்டிலை வெந்நீரில் கழுவி ஈரமில்லாமல் காய வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். காயை நீளவாக்கில் கீறுங்கள், இரண்டு மூன்று துண்டாக நறுக்குங்கள். உள்ளே கடுகை விடப் பொடியான கறுப்பு விதைகள் பசையோடு ஒட்டியிருக்கும். அதையும் வழித்துப் போடுங்கள். காய் முழுவதும் மூழ்கும்படி மதுவை ஊற்றி இறுக மூடுங்கள். மேலே தலை நீட்டும் துண்டு கெட்டுப்போகும், அதனால்தான் நறுக்கச் சொல்கிறேன். தேதியைக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிரில் சாறு இறங்காது. ஜன்னல் வெயிலும் ஆகாது. அடுப்புக்கு எட்டத்தில், மூடிய அலமாரியில் வையுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை குலுக்கினால் போதும். சில நாளிலேயே தேன் நிறம் வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒரு மாதத்தில் திறந்தால் மது நெடிதான் முன்னால் வரும். மூன்றாம் மாதம் பயன்படுத்தலாம். ஆறாம் மாதம் நிறம் கருங்காப்பிக் கறுப்பை எட்டும், நெடி அடங்கி மணம் முன்னே வரும். ஒரு வருடம் ஆனால் இன்னும் மேல். அவசரப்பட்டுக் குக்கரில் வைத்துச் சூடேற்றுவது இப்போது பிரபலமாகி வருகிறது. ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும் பொருள். மூடிய பாத்திரத்தில் அழுத்தமும் ஏறும். எரிவாயு அடுப்பு உள்ள வீட்டில் இந்த விளையாட்டே வேண்டாம்.

தீரத் தீர மதுவை ஊற்றிக்கொண்டே இருந்தால் பாட்டில் வற்றாது என்று சிலர் சொல்வார்கள். பாட்டில் வற்றாது, மணம் வற்றிவிடும். மேலே ஊற்றும்போது அதற்கேற்பப் புதுக் காயும் போட வேண்டும். ஊறி முடிந்த பழைய காயை எறியாதீர்கள். நிழலில் உலர்த்திச் சர்க்கரை டப்பாவில் புதைத்தால் இன்னும் ஒரு சுற்று மணம் தரும்.

மதுவே வீட்டுக்குள் வரக்கூடாது என்பவர்கள் பல வீடுகளில் உண்டு; அது மதிக்க வேண்டிய நிலைப்பாடு. அவர்களுக்குச் சர்க்கரைதான் நல்ல வழி: அரை கிலோ சர்க்கரையில் கீறிய இரண்டு காயைப் புதைத்து, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம். உணவுத் தரக் கிளிசரினில் ஊற வைக்கும் முறையும் உண்டு. அதில் சாறு மெதுவாக இறங்கும், மணமும் மட்டுத்தான். இல்லையென்றால் காயைப் பாலில் போட்டே காய்ச்சி எடுத்துவிடலாம். மதுவில் ஊறிய சாற்றை விட்ட பண்டத்தை விருந்தாளிகளுக்குக் கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள். ஓவனில் வெந்தாலும் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. வீட்டுத் தேவைக்குச் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மது கலந்த பொருளை விற்பதற்கு உரிமம், அனுமதி என்று வேறு சட்டங்கள் உண்டு.

எதில் விடுவது? அதிக வெப்பத்தில் வேகும் பிஸ்கட்டில் அசலுக்கும் எசன்ஸுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். அங்கே இதை வீணாக்க வேண்டாம். குளிர்ந்த பண்டங்களில்தான் அசல் வெனிலா தன் முகத்தைக் காட்டும். ஐஸ்கிரீம், கஸ்டர்ட், பழக்கூழ், கேக் மேல் பூசும் கிரீம். கஸ்டர்டை இறக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி விடுங்கள். கொதிக்கும்போது விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். பால் பாயசத்தில் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். அது ஏலக்காயின் இடம்.

கடையில் காய் வாங்கும்போது எந்த ஊர்க் காய் என்று கேளுங்கள். இடுக்கி, குடகு, நீலகிரி, ஆனைமலைக் காய் இருந்தால் அதை முதலில் எடுங்கள். இல்லை என்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். மடகாஸ்கர் விலை எப்படி ஆடினாலும் வருடத்துக்கு 25 கிராம் காய் கேட்கும் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தால், நம் மலை விவசாயி இன்னொரு முறை கொடியைப் பிடுங்க வேண்டியதில்லை. ஜூனில் பாட்டிலை மூடுங்கள். டிசம்பர் கேக்குக்குச் சரியாக இருக்கும்.